35/70: ஒரு வளைவுக்கு எத்தனை எண்?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முப்பத்தைந்தாவது வளைவைத் தாண்டியவர் வளைவுக் கணக்கில் பாதி மலை ஏறிவிட்டார். இந்தக் கணக்கைப் பைத்தான் மொழியில் மூன்று விதமாக எழுதலாம். 35-ஐ 70-ஆல் வகுத்தால் 0.5 என்ற ஃப்ளோட் கிடைக்கும். ஃபிராக்ஷன் வகையில் எழுதினால் 1/2 என்று சுருங்கும். டெசிமல் வகையில் எழுதினால் பார்வைக்கு மறுபடியும் 0.5 தான். கணினியின் நினைவகத்தில் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வடிவில் கிடக்கின்றன. ஆனாலும் மூன்றும் சமமா என்று கேட்டால் பைத்தான் தயங்காமல் ஆம் என்கிறது. பொருளைத் தேடி எடுப்பதற்காகப் பைத்தான் கணக்கிடும் ஹேஷ் மதிப்பும் மூன்றுக்கும் ஒன்றே: 1152921504606846976.

பைத்தானின் டிக்ஷனரியும் செட்டும் ஒரு பொருளைத் தேடும்போது எல்லாவற்றையும் வரிசையாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு, அது காட்டும் இடத்தில் மட்டும் பார்க்கின்றன. ஆகவே ஒரு நிபந்தனை மீறப்படவே கூடாது: சமமான இரண்டு பொருள்களுக்கு ஹேஷும் சமமாக இருக்க வேண்டும். ஒரே வகை எண்களுக்குள் இது எளிது. முழு எண், ஃப்ளோட், டெசிமல், ஃபிராக்ஷன், கலப்பெண் என்று ஐந்து வகைகள் ஒன்றோடொன்று சமமாகலாம் என்று ஒரு மொழி வாக்குக் கொடுத்துவிட்டால், அதைக் காப்பாற்றுவது லேசான வேலையில்லை.

ஒரு காலத்தில் பைத்தானாலேயே காப்பாற்ற முடியவில்லை. 2008-இல் வந்த 2.6 பதிப்பில் டெசிமல் 1-உம் முழு எண் 1-உம் சமம். முழு எண் 1-உம் ஃப்ளோட் 1.0-உம் சமம். ஆனால் டெசிமல் 1-ஐயும் ஃப்ளோட் 1.0-ஐயும் நேருக்கு நேர் நிறுத்தினால் சமமில்லை என்று சொல்லிவிடும். இந்த மூன்றையும் ஒரு செட்டில் போடுங்கள். முழு எண் முதலில் போனால் மற்ற இரண்டும் அதற்குள் அடங்கி, செட்டில் ஒரே உறுப்பு மிஞ்சும். டெசிமலும் ஃப்ளோட்டும் முதலில் போனால் இரண்டு உறுப்புகள். போட்ட வரிசையைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிற ஒன்றைக் கணிதத்தில் யாரும் கணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2010-இல் வந்த 2.7 பதிப்பு, டெசிமலையும் ஃப்ளோட்டையும் துல்லியமான மதிப்பின்படி ஒப்பிடத் தொடங்கியது. 2011 பிப்ரவரியில் வந்த 3.2 பதிப்பில் எல்லா எண் வகைகளுக்கும் பொதுவான ஒரே ஹேஷ் விதி வந்தது. கணிதவியலாளரும் பைத்தானின் மைய நிரலாளர்களில் ஒருவருமான மார்க் டிக்கின்சனுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

அந்த விதி அழகானது. 64-பிட் கணினிகளில் 2305843009213693951 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். 2-இன் 61-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. முழு எண்ணாக இருந்தால் அதை இந்தப் பகா எண்ணால் வகுத்த மீதியே ஹேஷ். பின்னமாக இருந்தால், மீதிகளின் உலகத்திலேயே வகுத்தல் நடக்கிறது. 1/2-க்கு விடை வேண்டுமா? இரண்டால் பெருக்கினால் மீதி 1 வரும் எண்ணைத் தேட வேண்டும். 2-இன் 60-ஆம் அடுக்கை இரண்டால் பெருக்கினால் 61-ஆம் அடுக்கு வரும், அது நம் பகா எண்ணைவிடச் சரியாக ஒன்று அதிகம், மீதி 1. மேலே பார்த்த அந்த 19 இலக்க எண் இந்த 60-ஆம் அடுக்குதான். எண் எந்த வகையில் எழுதப்பட்டது என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை, மதிப்பை மட்டுமே பார்க்கிறது. ஃப்ளோட்டின் உள்ளே இருப்பது இரண்டின் அடுக்குகள்தான் என்பதால், இந்தப் பகா எண்ணோடு செய்யும் கணக்கு வெறும் பிட் சுழற்சியாகச் சுருங்கி வேகமாகவும் முடிகிறது. முடிவிலிக்கு 314159 என்று ஹேஷ் வைத்தது மட்டும் கொஞ்சம் குறும்பு.

இவ்வளவு செய்தும் சாலையில் இன்னொரு வளைவுக்கு இறங்கினால் கதை மாறுகிறது. ஏழாவது வளைவு, அதாவது 7/70. ஃபிராக்ஷனில் 1/10, டெசிமலில் 0.1, இவை இரண்டும் சமம். ஃப்ளோட்டிலும் திரையில் 0.1 என்றே தெரியும், ஆனால் அது மற்ற இரண்டுக்கும் சமமில்லை. ஃப்ளோட் இருமத்தில் எழுதப்படுவது. பத்தில் ஒன்றை இருமத்தில் முடிவாக எழுத முடியாது, பக்கத்தில் இருக்கும் ஓர் எண்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. பைத்தான் துல்லியமாக ஒப்பிடுவதால் அந்த நூலிழை வித்தியாசத்தையும் பிடித்துவிடுகிறது. 70 வளைவுகளில் ஃபிராக்ஷன் எல்லாவற்றையும் சரியாகப் பிடிக்கிறது. டெசிமல் ஏழின் மடங்குகளான பத்து வளைவுகளை மட்டும் பிடிக்கிறது. ஃப்ளோட்டுக்குக் கிடைப்பவை இரண்டே இரண்டு: 35, 70.

நம் பழைய பின்னங்களை வைத்துப் பார்த்தாலும் இதே கோடுதான் விழுகிறது. கால், அரைக்கால், மாகாணி (1/16) ஆகியவை ஃப்ளோட்டில் கச்சிதமாக அடங்கும். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) அடங்காது. டெசிமலில் இவை எல்லாமே அடங்கும். முந்திரி அங்கே 0.003125.

ஆக, வகை எதுவானாலும் சமமான எண்கள் ஒரே இடத்தில் கிடைக்கும் என்ற வாக்குறுதி உண்மைதான். ஆனால் நிரலாளர் ‘சமம்’ என்று மனத்தில் நினைப்பதற்கும் மொழி ‘சமம்’ என்று ஏற்பதற்கும் இடையே பெரும்பாலான வளைவுகளில் இடைவெளி இருக்கிறது. இதைப் பைத்தானின் குற்றமாகச் சொல்ல முடியாது. தோராயமாக ஒப்பிட்டுச் சமம் என்று சொல்லியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். சி மொழியில் 64-பிட் முழு எண்ணை டபுள் என்ற ஃப்ளோட் வகையோடு ஒப்பிட்டால் முழு எண் முதலில் டபுளாக மாற்றப்படுகிறது. விளைவாக 9007199254740992, 9007199254740993 ஆகிய இரண்டு வேறு எண்களும் ஒரே டபுளுக்குச் சமமாகிவிடுகின்றன. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகையில் இரண்டாவதை எழுதவே முடியாது. 2010-இல் ட்விட்டர் தன் பதிவு எண்களை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இந்தக் காரணத்தால்தான்.

எதிர்த் திசையில் போன மொழி ஜாவா. எண்களைப் பொருள்களாக ஈக்வல்ஸ் முறையில் ஒப்பிடும்போது வகை வேறானால் சமமே இல்லை என்பது அதன் கொள்கை. கேட்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் ஒரே வகைக்குள்ளேயே அது தடுமாறுகிறது. சோளக்காட்டில் மிளகு வாங்கும் வியாபாரி ஒருவரின் பேரேட்டை ஜாவாவின் பிக்டெசிமல் வகையில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் 2.5 கிலோ, இன்னோரிடத்தில் 2.50 கிலோ. ஹேஷ்செட்டில் இவை இரண்டு உறுப்புகள், ட்ரீசெட்டில் ஒன்று. முன்னது ஈக்வல்ஸ் முறையைக் கேட்கிறது, பின்னது கம்பேர்டூ முறையைக் கேட்கிறது, இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன. ஜாவாவின் சொந்த ஆவணமே இதைக் குறித்து எச்சரிக்கிறது. இதைவிடத் தொல்லை, லாங் வகைச் சாவிகள் கொண்ட மேப்பில் 1 என்று சாதாரணமாகத் தேடுவது. அந்த 1 இன்டீஜராகப் போவதால் பதிலாக ‘நல்’ (null) என்ற வெற்று மதிப்பு வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. சத்தமில்லாமல் ‘இல்லை’ என்று சொல்வதைவிட ரஸ்ட் செய்வது எவ்வளவோ மேல். அது வகை கலந்த ஒப்பீட்டை நிரல் தொகுக்கும்போதே மறுத்துவிடுகிறது, ஃப்ளோட்டை ஹேஷ்மேப்பின் சாவியாகவும் ஏற்பதில்லை.

லுவா 5.3 நடைமுறைக்கு ஒத்த குறுக்குவழியை எடுத்தது. 1.0 என்று சாவி வந்தால் அதை 1 ஆக மாற்றி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டே எண் வகைகள் உள்ள மொழிக்கு இது போதும்.

பைத்தானின் உண்மையான பலவீனம் ஹேஷ் கணக்கில் இல்லை, யாரையெல்லாம் எண் குடும்பத்தில் சேர்த்தது என்பதில் இருக்கிறது. 2003-இல் 2.3 பதிப்போடு வந்த பூலியன் வகை முழு எண்ணின் உட்பிரிவாக அமைக்கப்பட்டது. ஆகவே ‘ட்ரூ’வும் 1-உம் சமம், ஹேஷும் ஒன்று. ஒரு டிக்ஷனரியில் ‘ட்ரூ’வுக்கு ‘ஆம்’ என்றும் 1-க்கு ‘முதல் வார்டு’ என்றும் எழுதினால், சாவியாக ‘ட்ரூ’ நிற்கும், மதிப்பாக ‘முதல் வார்டு’ நிற்கும், ‘ஆம்’ காணாமல் போகும். அளவுகளுக்கு வகுத்த விதியை ஆம்-இல்லை என்ற விடைக்கும் நீட்டியதன் பலன் இது. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்ற அன்றைய நியாயம் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவு தவறு.

இன்னொரு சிக்கல், இந்த ஒப்பந்தத்துக்கு வெளியாட்களும் கட்டுப்பட வேண்டியிருப்பது. 2024-இல் வந்த நம்பை நூலகத்தின் 2.0 பதிப்பில் 32-பிட் ஃப்ளோட் 0.1-ஐயும் பைத்தானின் 0.1-ஐயும் ஒப்பிட்டால் சமம் என்று பதில் வரும். பைத்தானின் எண்ணை முதலில் 32 பிட்டுக்குக் குறுக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. ஹேஷ் மட்டும் குறுக்காத மதிப்புகளிலிருந்தே வருவதால் இரண்டும் வேறு. ஒன்றைச் சாவியாக வைத்து மற்றொன்றால் தேடினால் கிடைக்காது. அணிகளில் லட்சக்கணக்கான எண்களைக் கையாளும் நம்பைக்கு அந்தக் குறுக்கல் தேவைப்பட்டது. அதன் பயனர்களில் பலருக்கு டிக்ஷனரியில் ஃப்ளோட்டைச் சாவியாக வைக்கும் வழக்கமும் இல்லை. 3.2 பதிப்பில் மூடிய ஓட்டை இப்படி ஒரு நூலகத்தின் வழியே மறுபடி திறந்திருக்கிறது. அதை மொழிக்குள்ளிருந்து அடைக்க பைத்தானிடம் கருவி எதுவும் இல்லை.