வினாத்தாளுக்குள் அடங்காத வயது: கொரியச் செவிலிய ஆய்வில் அறக்கல்வியும் வளரிளம் பருவ நலமும்

தென்கொரியாவின் செவிலியத் துறை கடந்த கால் நூற்றாண்டில் இரு பொருள்களின்பால் பெரும் உழைப்பைச் செலுத்தியிருக்கிறது. செவிலியம் பயிலும் மாணவர்களுக்கு அறவியல் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, அக்கல்வியால் அவர்களுடைய சிந்தனையில் என்ன மாற்றம் நிகழ்கிறது என்பது ஒன்று. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்கு உட்பட்ட வளரிளம் பருவத்தினரின் உடல்நலமும் மனநலமும் எந்நிலையில் உள்ளன என்பது மற்றொன்று. பொருள் வேறானாலும் வழிமுறை பெரும்பாலும் ஒன்றே: மாணவர்களை வகுப்பறையில் அமர்த்தி, தாளிலோ திரையிலோ உள்ள வினாக்களுக்கு அவர்களையே விடை குறிக்கச் செய்து, அவ்விடைகளை எண்களாக்கிப் புள்ளியியல் முறையில் ஆராய்வது. தன்னறிக்கை முறை எனப்படும் இவ்வழி, வளரிளம் பருவ நலத்தைப் பொறுத்தவரை வேறு பல நாடுகளுக்கு வாய்க்காத தரவுச் செல்வத்தைத் தந்திருக்கிறது. அறக்கல்வியைப் பொறுத்தவரையோ மெலிந்த அறிவையே தந்திருக்கிறது. இவ்விரண்டையும் விடப் பெரிய குறை, இவ்விரு கிளைகளும் ஒரே கல்லூரி வளாகத்துக்குள் இருந்துகொண்டே ஒன்றோடொன்று பேசாமல் வளர்ந்திருப்பதாகும்.

அறவியலில் கொரியச் செவிலியருக்கு அக்கறை திடீரென்று பிறந்ததன்று. கொரியச் செவிலியர் சங்கம் தன் அறநெறித் தொகுப்பை 1972இலேயே வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்தியும் இருக்கிறது. ஆயினும் அறவியலை நாட்டின் பொதுப் பேச்சாக மாற்றியது மருத்துவமனை அன்று, ஆய்வுக்கூடம். மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களை உருவாக்கியதாகக் கொரிய ஆய்வாளர் ஹுவாங் வூ-சுக் 2004, 2005 ஆண்டுகளில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரைகள் பொய்யானவை எனத் தெரிந்து 2006 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டன. தரவுப் புனைவுக்கு நிகராக மக்களை உறுத்திய செய்தி, அவருடைய கூடத்தில் பணியாற்றிய இளம் பெண் ஆய்வாளர்களிடமிருந்தே கருமுட்டைகள் பெறப்பட்டன என்பது. மேலிருப்பவர் கேட்கும்போது கீழிருப்பவர் தரும் ஒப்புதலைத் தன்விருப்பம் என்று எவ்வளவு தூரம் கொள்ளலாம் என்ற வினா அப்போது எழுந்தது. 2005இல் நடைமுறைக்கு வந்திருந்த உயிரியல் அறவியல் மற்றும் பாதுகாப்புச் சட்டம் 2012இல் முழுமையாகத் திருத்தப்பட்டு, 2013 முதல் மனிதரைக் கொண்டு நடத்தப்படும் எல்லா ஆய்வுகளுக்கும் விரிந்தது. கரு, மரபணு ஆய்வுகளோடு நில்லாமல் வினாத்தாள் ஆய்வும் நேர்காணலும் கூட ஆய்வு அறநெறிக் குழுவின் பார்வைக்கு உட்பட்டன. ஆய்வாளர் வகுத்த திட்டத்தைத் தொடங்கும் முன்பே பரிசீலித்து, பங்கேற்போருக்குத் தீங்கு நேராமல் காப்பது அக்குழுவின் வேலை.

இச்சூழலில் வளர்ந்த அறக்கல்வி ஆய்வுகள் இரண்டு அளவுகோல்களைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. முதலாவது, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட், கோல்பெர்க்கின் அறவளர்ச்சிக் கோட்பாட்டை அடியொற்றி 1970களில் உருவாக்கிய சோதனையின் கொரிய வடிவம். மனைவியைக் காக்க மருந்தைத் திருடும் கணவன், சிறையிலிருந்து தப்பி நல்லவனாக வாழும் கைதி முதலிய கதைகளைப் படித்து, முடிவெடுக்கையில் எந்தக் கருத்து முதன்மையானது என்று வரிசைப்படுத்துபவரின் அறத் தர்க்கத்தை அது மதிப்பெண்ணாக்குகிறது. இரண்டாவது, சுவீடனில் கிம் லூட்சேன் மனநலச் செவிலியத்தை முன்வைத்து வடிவமைத்த அற உணர்திறன் வினாப்பட்டியல். ஒரு நிலைமையில் அறச்சிக்கல் பொதிந்திருப்பதைச் செவிலியர் எவ்வளவு உணர்கிறார் என்பதை அளக்க முற்படுவது. இவ்விரண்டையும் பயன்படுத்தி எட்டுச் செவிலியக் கல்லூரிகளில் 506 முதலாண்டு மாணவர்களிடமும் 440 இறுதியாண்டு மாணவர்களிடமும் நடத்தப்பட்டு 2012இல் ‘நர்சிங் எதிக்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இவ்வகையின் நல்ல எடுத்துக்காட்டு. நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு, முரண்பாட்டை உணர்தல் ஆகிய இரண்டிலும் இறுதியாண்டினர் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அறவியலுக்கு அதிக மணிநேரம் ஒதுக்கிய கல்லூரிகளின் இறுதியாண்டினரிடம் கொள்கை சார்ந்த சிந்தனை உயர்ந்திருந்தது.

ஒரே கல்லூரியின் ஒரே வகுப்பில் திரட்டிய தரவைக் கொண்டு நாடு முழுமைக்கும் முடிவு கூறும் கட்டுரைகள் மலிந்த துறையில், எட்டுக் கல்லூரிகளைத் தொட்டு, பாடவேளையையும் கணக்கில் கொண்ட இவ்வாய்வு மதிக்கத்தக்கது. எனினும் முதலாண்டினரும் இறுதியாண்டினரும் வெவ்வேறு மனிதர்கள். ஒரே மாணவரை நான்காண்டு தொடர்ந்து பார்த்ததன் விளைவன்று இது. இத்தகைய குறுக்குவெட்டு ஆய்வில், அதாவது ஒரே காலப்புள்ளியில் பலரை ஒப்பிடும் ஆய்வில், கண்ட வேறுபாடு பாடத்தால் வந்ததா, வயதால் வந்ததா, மாணவர்கள் மருத்துவமனைப் பயிற்சியில் கழிக்கும் ஏறத்தாழ ஆயிரம் மணிநேரத்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. அந்த மருத்துவமனைப் பயிற்சி அறத்தை மட்டுமே கற்பிப்பதும் இல்லை. மூத்த செவிலியர் இளையோரை வாட்டி வதைக்கும் வழக்கத்துக்குக் கொரிய மருத்துவமனைகளில் ‘எரித்தல்’ என்று பொருள்படும் தனிப் பெயரே உண்டு. 2018இல் சியோலில் இளம் செவிலியர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவ்வழக்கம் நாடறிந்த விவாதமாயிற்று. பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டத்திருத்தம் 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வகுப்பில் மனித மாண்பைப் படித்துவிட்டு வார்டில் இதனைக் காணும் மாணவி எதைக் கற்றுக்கொள்கிறாள் என்பதற்குச் சுவீடன் அளவுகோலும் விடை சொல்லாது, அமெரிக்கக் கதைகளும் விடை சொல்லா.

வளரிளம் பருவ ஆய்வுக்கு வரும்போது காட்சி மாறுகிறது. கொரிய இளைஞர் நலவாழ்வு நடத்தைக் கணக்கெடுப்பு 2005 முதல் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அமெரிக்காவின் இதே வகைக் கணக்கெடுப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். நடுநிலைப் பள்ளி முதலாண்டிலிருந்து மேல்நிலைப் பள்ளி மூன்றாமாண்டு வரை, ஏறத்தாழ 800 பள்ளிகளில் 60,000 அளவிலான மாணவர்கள், பெயர் குறிப்பிடாமல் பள்ளிக் கணினி அறையில் அமர்ந்து விடையளிக்கின்றனர். புகை, மது, உணவு, உடற்பயிற்சி, உறக்கம், பாலுறவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என எல்லாமே அதில் அடங்கும். திரட்டப்பட்ட தரவு ஆய்வாளர் எவருக்கும் திறந்திருப்பதால், சொந்தமாகக் களப்பணி செய்யும் பொருள்வசதி இல்லாத சிறு கல்லூரியின் செவிலியப் பேராசிரியரும் நாடு தழுவிய ஆய்வை மேற்கொள்ள முடிகிறது. 2007இல் 13.3 விழுக்காடாக இருந்த மாணவர் புகைப்பழக்கம் 2023இல் 4.2 விழுக்காடாகக் குறைந்ததை இக்கணக்கெடுப்பே காட்டியது. 2015இல் சிகரெட்டுப் பெட்டியின் விலை 2,500 வோனிலிருந்து 4,500 வோனாக ஏற்றப்பட்டது போன்ற கொள்கைகளை எடைபோட இதுபோன்ற நெடுங்காலத் தொடர் இல்லாமல் இயலாது. இரண்டு வாரம் தொடர்ந்து அன்றாட வேலைகளை நிறுத்துமளவு துயரமோ நம்பிக்கையிழப்போ கொண்டதாக 2023இல் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் குறித்தனர். அவர்களில் மாணவியர் விகிதமே அதிகம். பதின்ம வயதினரின் மரணக் காரணங்களில் தற்கொலை முதலிடம் வகிக்கும் நாட்டில் இவ்வெண்ணின் எடை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே வசதி ஒரு சோம்பலையும் வளர்த்திருக்கிறது. தரவு ஆயத்தமாக இருக்கையில், காலையுணவைத் தவிர்ப்பதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும், திறன்பேசிப் பயன்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் இடையே தொடர்பு தேடும் கட்டுரைகளை ஆண்டுதோறும் வார்த்தெடுப்பது எளிது. அறுபதாயிரம் பேரைக் கொண்ட மாதிரியில் மிகச் சிறிய வேறுபாடும் புள்ளியியல் முறையில் ‘குறிப்பிடத்தக்கது’ என்று வெளிப்படும்; அதற்கு நடைமுறையில் பொருள் உண்டா என்பது வேறு வினா. காலையில் உண்ணாததால் மனம் சோர்கிறதா, மனம் சோர்ந்ததால் உண்ணவில்லையா, இரவு பத்து மணி வரை தனிப்பயிற்சி நிலையத்தில் இருந்துவிட்டு வருவது இரண்டுக்குமே காரணமா என்பதைக் குறுக்குவெட்டுத் தரவு கூறாது. சமூகம் ஏற்காத பழக்கங்களை மறைக்கும் போக்கும் உண்டு. சிறுநீரில் நிக்கோட்டின் சிதைவுப் பொருளைச் சோதித்தபோது, புகைப்பதாக ஒப்புக்கொண்டோரை விட மிகுதியான கொரியப் பெண்கள் உண்மையில் புகைப்பது தெரியவந்தது. வயது வந்த பெண்களே மறைக்கும் ஒன்றைப் பள்ளி மாணவி மறைக்கமாட்டாள் என்று கருத இடமில்லை. பள்ளியை விட்டு வெளியேறியோர் இக்கணக்கிலேயே இல்லை. நலவாழ்வு ஆய்வு முதலில் தேடிச் செல்ல வேண்டியவர்கள் அவர்களே.

அறவியல் நோக்கில் ஆழமான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடந்த ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றதுண்டா என்ற வினாவுக்கு ஒரு மாணவர் ‘ஆம்’ என்று குறிக்கிறார். பெயரில்லாத கணக்கெடுப்பு ஆதலால் அவர் துணிந்து உண்மை கூறினார். பெயரில்லாத காரணத்தாலேயே அவரைத் தேடி உதவ எவராலும் இயலாது. பாடவேளை முடிந்ததும் அவர் அடுத்த வகுப்புக்குச் செல்கிறார். இதற்கு எதிர்முனையில், தொடக்கப் பள்ளியின் முதல், நான்காம் வகுப்புகளிலும் நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளின் முதலாண்டிலும் நடத்தப்படும் மாணவர் உணர்வு மற்றும் நடத்தைப் பரிசோதனை இருக்கிறது. இதில் பெயர் உண்டு. இடர் காணப்பட்டால் பெற்றோருக்குத் தெரிவித்து மருத்துவரிடமோ ஆலோசனை மையத்திடமோ அனுப்பும் ஏற்பாடும் உண்டு. பெயர் உள்ளதாலேயே மாணவர் உண்மையை அடக்குகிறார். பெற்றோர் இசையாவிடில் மேற்சிகிச்சை தடைபட்டுப் போவதும் நெடுங்காலமாக உள்ள சிக்கல். உண்மை கிடைக்குமிடத்தில் உதவியில்லை, உதவி இருக்குமிடத்தில் உண்மை கிடைப்பதில்லை. இவற்றிற்கிடையே இடைவழி ஒன்றை வகுப்பது செவிலிய அறவியலுக்கே உரிய பணி. ஆனால் தற்கொலை எண்ணத்தின் காரணிகளை அடுக்கும் கட்டுரைகளில் அறவியல் என்பது பெரும்பாலும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் எண்ணைக் கூறும் ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த வாக்கியமும் கூடத் தேவைப்படாத நிலை உண்டு. அரசு பொதுநலனுக்காக நேரடியாக நடத்தும் ஆய்வு என்ற அடிப்படையில் மேற்கண்ட நாடளாவிய கணக்கெடுப்பு 2015 முதல் அறநெறிக் குழுவின் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெற்றிருக்கிறது. சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் சட்டத்தின் விலக்கு அறத்தின் விலக்காகாது என்பதைச் செவிலிய மாணவர்களுக்குக் கற்பிப்பவர்களே அத்தரவைக் கையாளும்போது அவ்வினாவை எழுப்பாமல் விடுவதுதான் வியப்பு. தனி ஆய்வுகளில் நிலைமை சற்றுக் கடினம். பதினெட்டு வயது நிரம்பாதவரை ஆராயப் பெற்றோர் அல்லது சட்டப் பாதுகாவலரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதல் பிள்ளையின் விருப்பத்துக்கு முரணாகவும் இருத்தல் கூடாது. நல்ல விதி. ஆனால் வீட்டில் அடி வாங்கும் பிள்ளையிடம் அடிபற்றிக் கேட்க அடிப்பவரின் கையொப்பத்தையே பெற வேண்டியிருக்கிறது. அத்தகைய வீடுகளிலிருந்து படிவம் திரும்பி வராது. மாதிரி மெல்ல மெல்ல அமைதியான குடும்பங்களின் பக்கம் சாய்ந்துவிடும். மறுபுறம், படிவம் வந்த பிள்ளைகளும் தலைமையாசிரியர் அனுமதித்த, வகுப்பாசிரியர் கண்காணிக்கும் அறையில் இருந்துகொண்டு ‘விருப்பமில்லை’ என்று எழுந்து போவார்களா? ஹுவாங்கின் கூடத்து இளம் ஆய்வாளர்களைப் பற்றி எழுந்த அதே வினா, கூர் குறைந்து, பள்ளிதோறும் இருக்கிறது.

இவ்விரு கிளைகளும் உயிருள்ள ஒரு மனிதரிடம் சந்திக்கும் இடம் பள்ளிச் சுகாதார அறை. கொரியாவில் சுகாதார ஆசிரியர் எனப்படுபவர் செவிலியர் உரிமத்தோடு ஆசிரியர் தகுதியும் பெற்றவர். காயத்துக்கு மருந்திடுவதும் நலக்கல்வி வகுப்பெடுப்பதும் அவர் கடமை. 36 அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புகள் கொண்ட பெரிய பள்ளிகளுக்கு இருவரை நியமிக்க வேண்டும் என்ற விதி 2021இல்தான் வந்தது; அதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் ஒருவரே போதும் என்று கருதப்பட்டது. வயிற்றுவலி என்று வரும் மாணவி கருவுற்றிருப்பதைச் சொல்லி, வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் அவர் என்ன செய்வார்? கருக்கலைப்பைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு இசைவானதன்று என 2019 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்த கெடுவுக்குள் நாடாளுமன்றம் மாற்றுச் சட்டம் இயற்றாததால் 2021 தொடக்கத்தில் அப்பிரிவு செயலிழந்தது. தண்டனை நீங்கியதேயன்றி வழிமுறை பிறக்கவில்லை. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் அறக்கல்வி ஒன்றே துணை. ஆயினும் அறவியல் பாடத்தின் கவனம் முதிய நோயாளியின் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது போன்ற மருத்துவமனைச் சிக்கல்களிலேயே குவிந்திருக்கிறது. 2018இல் அதற்கெனத் தனிச்சட்டம் நடைமுறைக்கு வந்ததால் அக்கவனத்துக்கு நியாயம் உண்டு. பதினாறு வயது மாணவியின் ரகசியத்துக்கு அந்த நியாயம் இன்னும் கிடைக்கவில்லை.

பள்ளி மாணவர்களுக்கே அறம் கற்பிப்பதன் வழி நலத்தைப் பேணலாம் என்ற நம்பிக்கையும் கொரியாவில் சட்டமாயிருக்கிறது. 2014இல் செவோல் கப்பல் மூழ்கி ஆன்சான் நகரின் ஒரே பள்ளியைச் சேர்ந்த 250 மாணவர்கள் உட்பட 304 பேர் மாண்ட துயருக்குப் பின், அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறி 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பண்புக்கல்வி ஊக்குவிப்புச் சட்டம், மரியாதை, பெற்றோர் பேணல், நேர்மை, பொறுப்பு உள்ளிட்ட எட்டுப் பண்புகளை வகுத்துரைத்தது. இருந்த இடத்திலேயே இருக்குமாறு கூறப்பட்டதற்குக் கீழ்ப்படிந்த பிள்ளைகள் இறந்ததற்கு மறுமொழியாக மரியாதையை முதன்மைப்படுத்தியது விந்தையான மருந்து. பண்பையும் மதிப்பெண்ணாக்கித் தனிப்பயிற்சி நிலையங்கள் விற்கத் தொடங்கும் என்ற அச்சம் அப்போதே எழுந்தது.

இவ்விரு ஆய்வுக் கிளைகளின் குறைகளைக் களையப் புதிய அளவுகோல் தேவையில்லை. செவிலிய மாணவர்களின் அறவியல் வகுப்பில் மருந்து திருடும் கணவனின் கதைக்குப் பதிலாக, நாடளாவிய கணக்கெடுப்பின் வினாத்தாளையே விரித்து வைத்து, இந்த வினாவுக்கு ‘ஆம்’ என்றவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று விவாதிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் அதே கணினி அறையில் அமர்ந்து விடை குறித்தவர்கள் அவ்வகுப்பில் பலர் இருப்பார்கள். தடை, நேரம். செவிலியர் உரிமத்துக்கான அரசுத் தேர்வில் எட்டுப் பாடங்கள் உள்ளன. சுகாதாரச் சட்டங்களுக்கு அதில் தனிப் பாடம் உண்டு, அறவியலுக்கு இல்லை, செவிலிய நிர்வாகப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அது நுழைகிறது. எனவே எத்தனை மணிநேரம் கற்பிப்பது என்பது ஒவ்வொரு கல்லூரியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. மணிநேரம் கூடினால் சிந்தனை உயர்வதாக 2012 ஆய்வு காட்டிய பின்னும், அடுத்து வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி மாணவரின் உணர்திறனைத் திரும்பத் திரும்ப அளப்பதில் காட்டிய ஆர்வத்தை, அந்த மணிநேரங்களுக்குள் எவருடைய சிக்கல்கள் பேசப்படுகின்றன என்று பார்ப்பதில் காட்டவில்லை.