முறுக்கு உடைந்தால் ஷாக்கைப் பாருங்கள்

ஆட்டையாம்பட்டி முறுக்கு வாயில்தான் நொறுங்க வேண்டும். வழியிலேயே நொறுங்கினால் யாரும் காசு தரமாட்டார்கள். என் பிக்கப்பின் பின் ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் செத்துப்போன செய்தியை முதலில் சொன்னவர் மெக்கானிக் அல்ல, ராசிபுரத்தில் ஒரு பலகாரக் கடைக்காரர். "முன்னாடி இருந்த பெட்டியெல்லாம் முழுசா இருக்குதுங்கண்ணா. கடைசி வரிசைதான் பாதி தூளாக் கிடக்குது" என்றார்.

வண்டி 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜின், மைலேஜ், பாடியின் நீளம் எல்லாம் இந்தப் பக்கத்தில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மனப்பாடம். அவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஷாக் செத்ததை இந்த வண்டி மாதக்கணக்கில் மறைத்துவிட்டது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எடையைத் தாங்குவது வில்பட்டை (லீஃப் ஸ்பிரிங்). ஆட்டத்தை அடக்குவது ஷாக். அதன் உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது. பழைய வில்வண்டியில் ஷாக் கிடையாது. அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை ஓரளவு அடக்கியது. நம் பிக்கப்பின் பின்புறத்தில் இன்னும் அந்த வில்தான் இருக்கிறது. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும்போது பட்டைகள் அழுந்தி நன்றாக உரசும்; ஷாக் செத்திருந்தாலும் வண்டி சாதுவாகவே போகும்.

முறுக்கு லோடு அப்படியல்ல. தார்ப்பாய் முட்டும் வரை பெட்டி அடுக்கினாலும் எடை சொற்பம். பட்டையைப் பொறுத்தவரை அது காலி வண்டிதான். வெண்ணந்தூர் வழியில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின் சக்கரம் துள்ளும். அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பாடிதான் அதிகம் எகிறும். கடைசி வரிசை தூளானதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே ஷாக்கைச் சோதிக்க வேண்டியது காலி வண்டியில். காரில் செய்வதுபோல மூலையைக் கையால் அமுக்கிப் பார்ப்பது இங்கே உதவாது. பட்டை அவ்வளவு விறைப்பு. மெதுவாக ஒரு வேகத்தடையைக் கடந்து பாருங்கள். ஒரு எழும்பலில் அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் ஓய்ந்துவிட்டது. டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். பள்ளமும் மேடுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளி ஓடியிருக்கலாம். ஷாக்கின் உடலில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் பயமில்லை. வழிந்து புழுதியைச் சேறாக்கியிருந்தால் சீல் போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது சூட்டுச் சோதனை. மேடுபள்ளமான சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சைலன்சர் பக்கம் கை போகாமல், ஷாக்குகளை ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். சில்லென்று இருப்பது வேலையை விட்டுவிட்டது. என் பின் ஜோடி இரண்டுமே சேஸிஸைப் போலவே சில்லென்று இருந்தன.

மன்ரோ நிறுவனம் 80,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறது. அந்தக் கணக்கை நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம். முடிவை மேலே சொன்ன சோதனைகளிடம் விடுவதே சரி.

பட்டறைகளில் நடக்கும் மூன்று காரியங்கள் எனக்கு ஆற்றாமையைத் தருகின்றன. முதலாவது, "இன்னொரு பட்டை சேர்த்துடலாங்க, சரியாயிடும்" என்பது. சரியாகாது. வண்டி இன்னும் விறைக்கும், காலியில் இன்னும் துள்ளும். இரண்டாவது, பழைய ஷாக்கை வெட்டி எண்ணெய் ஊற்றி வெல்டிங் வைத்துத் தருவது. தேய்ந்த வால்வை எந்த எண்ணெயும் புதிதாக்காது. மூன்றாவது, பெட்டியிலிருந்து எடுத்த புது ஷாக்கை அப்படியே மாட்டுவது. இரட்டைக் குழாய் ஷாக்கை நிமிர்த்தி முழுக்க இழுத்து, கவிழ்த்து அமுக்கி, நான்கைந்து முறை இப்படிச் செய்து உள்குழாயில் இருக்கும் காற்றை அதிலிருந்து வெளியேற்ற வேண்டும். ரப்பர் புஷ்ஷின் நட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது.

நான் போட்டது கேப்ரியல். 1961 முதல் இந்தியாவில் ஷாக் செய்பவர்கள், ஓசூரிலும் ஆலை இருக்கிறது, ஊர்க் கடையில் தேடாமல் கிடைக்கிறது. எனக்கு அந்தப் பெயர் மேல் பழைய நம்பிக்கை. பின் ஜோடிக்கு ஆன செலவு ஒரு புது டயரின் விலையைத் தொடவில்லை.

ஆறு வாரம் ஆகிறது. அதே சாலை, அதே வேகத்தடை. வண்டி ஒருமுறை எழும்பி அடங்குகிறது. வளைவில் பின்புறம் விலகுவதில்லை. ராசிபுரம் கடைக்காரர் கடைசி வரிசைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். நேற்று முன் ஷாக்குகளையும் தொட்டுப் பார்த்தேன். வலது வெதுவெதுப்பு, இடது சில்லென்று இருந்தது. தீபாவளி லோடு தொடங்குமுன் அந்த ஜோடியும் மாறிவிடும்.