தூதர்கள் எழுதிய பேரரசு: வெனிஸ் அறிக்கைகளும் ஒட்டோமான் உலகமும்

16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா ஒட்டோமான் பேரரசைப் பற்றி அறிந்திருந்தவற்றில் பெரும்பகுதி தூதர்கள் எழுதி அனுப்பியதே. அவர்களில் முதலிடம் வெனிஸ் குடியரசின் தூதர்களுக்கு உரியது. கிழக்கத்திய வணிகத்தை நம்பி வாழ்ந்த அந்நகரம் கான்ஸ்டான்டிநோபிளில் ‘பைலோ’ என்ற பிரதிநிதியை நிலையாக அமர்த்தியிருந்தது. வெனிஸ் வணிகர்களின் வழக்குகளைத் தீர்ப்பதும், அமைச்சர்களான பாஷாக்களிடம் பேரம் பேசுவதும், உளவறிவதும் அவர் வேலை. பதவியில் இருக்கும்வரை ஓயாமல் கடிதம் எழுதினார். ஊர் திரும்பியதும் செனட்டின் முன் விரிவான அறிக்கையொன்றைப் படித்தார். தூதர்கள் அறிக்கை தரவேண்டும் என்ற சட்டம் 1268இலேயே வந்துவிட்டது. 15-ஆம் நூற்றாண்டில் அதை எழுத்திலும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

‘ரெலாட்சியோனே’ எனப்பட்ட இந்த அறிக்கைக்கு ஏறத்தாழ நிலையான அமைப்பு உண்டு. ஒட்டோமான் நாட்டின் பரப்பு, வருவாய், தரைப்படை, கப்பற்படை, சுல்தானின் தோற்றமும் குணமும், வாரிசுகள், பாஷாக்களுக்குள் நிலவும் பூசல், பிற அரசுகளுடனான உறவு என்று அது விரியும். வெனிஸ் மீது ஒட்டோமான்கள் கொண்ட எண்ணமும் அதில் இடம்பெறும். அடுத்த போர் எப்போது, அதைத் தவிர்க்க யாரைப் பிடிக்க வேண்டும் என்பதே செனட்டின் கவலை. அந்தக் கவலைக்குப் பயன்படாத உழவர் வாழ்வும் சமய இலக்கியமும் இந்தப் பக்கங்களில் அரிதாகவே தலைகாட்டும்.

தூதர் நேரில் பார்த்ததும் குறைவு. சைப்ரஸுக்காக வெனிஸுக்கும் ஒட்டோமானுக்கும் போர் மூண்ட 1570இல் பைலோவாக இருந்த மார்க்கன்டோனியோ பார்பரோ வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வெளியுலகோடு அவருக்கிருந்த தொடர்பு சங்கேதக் கடிதங்களும், சாலமன் அஷ்கெனாசி என்ற யூத மருத்துவரும்தான். பேரமைச்சர் சொகொல்லு மெஹ்மெத் பாஷாவின் வீட்டுக்கும் போய்வந்தவர் அந்த மருத்துவர். 1573இல் கையெழுத்தான சமாதான உடன்படிக்கைக்கு அவர் வழியாக நடந்த பேச்சும் உதவியது.

வியன்னாவின் ஹாப்ஸ்பர்க் அரசின் தூதர் புஸ்பெக் எழுதியது வேறு வகை. பிளாண்டர்ஸைச் சேர்ந்த இவர் 1555இல் அமாஸ்யா நகரில் சுல்தான் சுலைமானைச் சந்தித்தார். 1562வரை பெரும்பாலும் ஒட்டோமான் மண்ணிலேயே கழித்தார். நண்பருக்கு எழுதிய நான்கு லத்தீன் கடிதங்களாக அமைந்த இவரது நூல் 1589இல் முழுமையாக அச்சேறியது. அங்காராவில் கண்ட அகஸ்டஸ் சீசரின் கல்வெட்டு, அங்கோரா ஆடுகள், விடுதியில் தாம் வளர்த்த விலங்குகள் எனப் பலவும் அதில் உண்டு. அமாஸ்யாவில் பெருங்கூட்டமாக நின்ற வீரர்களின் அமைதி அவரை வியக்க வைத்தது. அங்கே பிறப்பால் யாருக்கும் மதிப்பில்லை, தகுதிக்கே பதவி என்றார். ஒழுங்கும் சிக்கனமும் எதிரியிடம், ஆடம்பரமும் சோம்பலும் நம்மிடம் என்று சொந்த நாட்டவரைக் குத்திக்காட்டுவதற்கே இந்தப் புகழ்ச்சி பெரிதும் பயன்பட்டது.

ரகசியம் எனப்பட்ட வெனிஸ் அறிக்கைகள் நகலெடுக்கப்பட்டுக் கைமாறின. சில 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சிலும் வந்தன. வரலாற்றுச் சான்றாக அவற்றுக்கு மதிப்புத் தேடித்தந்தவர் ஜெர்மானிய அறிஞர் ராங்கே. ஒட்டோமான், ஸ்பானியப் பேரரசுகளைப் பற்றி 1827இல் அவர் எழுதிய நூலுக்கு இவையே அடித்தளம். 1839 முதல் 1863 வரை யூஜெனியோ அல்பேரி ஃப்ளாரன்ஸில் பதிப்பித்த 15 தொகுதிகள் பிறகு வந்த ஆய்வாளர்களுக்குக் கைநூலாயின. நேரில் கண்டவரின் நிதானமான சாட்சியம் என்றே அந்தத் தலைமுறை இவற்றைப் படித்தது.

வரலாற்றாசிரியர் லூசெத் வாலென்சி 1987இல் அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுல்தானின் ஆட்சியை ஒழுங்கின் உச்சமாகக் கண்டு வியந்த அறிக்கைகள், நூற்றாண்டு முடிவதற்குள் அதைக் கொடுங்கோன்மை என எழுதத் தொடங்கின. ஐரோப்பிய அரசியல் சிந்தனையில் ‘கிழக்கத்திய கொடுங்கோலன்’ என்ற உருவம் இப்படித்தான் திரண்டது என்பது அவர் வாதம். லெஸ்லி பியர்ஸ் 1993இல் அந்தப்புர அரசியலை ஆராய்ந்தபோது, தூதர்கள் கால்வைக்கவே முடியாத இடத்தைப் பற்றி அவர்கள் எழுதியதை ஒட்டோமான் ஆவணங்களோடு சேர்த்துப் படித்தார். சுல்தானின் தாய்மார் செலுத்திய அதிகாரம் வெறும் சீர்கேடல்ல, அரச குடும்ப அமைப்பின் இயல்பான கூறு என அதில் தெளிவாயிற்று.

அண்மைக்கால ஆய்வு தூதரைச் சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பியுள்ளது. எரிக் டர்ஸ்டெலர் கான்ஸ்டான்டிநோபிளில் வெனிஸ்காரரும் ஒட்டோமான் குடிகளும் கலந்து வாழ்ந்ததை 2006இல் விவரித்தார். நத்தாலி ராத்மன் மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளை ஆராய்ந்தார். வெனிஸ் 1551 முதல் இளைஞர்களைத் துருக்கி மொழி கற்க பைலோவின் வீட்டுக்கு அனுப்பியது. ஆனாலும் உள்ளூர்த் துபாஷிக் குடும்பங்களின் பிடி தளரவில்லை. பாஷாவின் சொல் அவர்கள் வாய்வழியாகவே தூதருக்கு எட்டியது. எனவே அறிக்கையில் உள்ள ஒட்டோமான் சித்திரத்தில் ஒட்டோமான் குடிகளின் பங்கும் உண்டு.

இன்று இந்த எழுத்துகளின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே மதிப்புத் தரப்படுவதில்லை. யார் எப்போது பதவிக்கு வந்தார், எந்த பாஷாவுக்கு யாரோடு பகை என்பதில் தூதரின் கண் கூர்மையானது. வருவாய்க் கணக்கும் படைக்கணக்கும் காதில் விழுந்தவை. ஒட்டோமான் பதிவேடுகளோடு ஒப்பிட்ட பிறகே ஏற்கத்தக்கவை. ஆட்சியின் தன்மை பற்றிய தீர்ப்புகளோ கான்ஸ்டான்டிநோபிளைவிட வெனிஸையும் வியன்னாவையுமே கூடுதலாகக் காட்டுகின்றன.