மெலனி கிளைனும் சிறுவன் ரிச்சர்டும்

குழந்தை உளப்பகுப்பாய்வின் முன்னோடிகளுள் ஒருவரான மெலனி கிளைன் (1882–1960) வியன்னாவில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். புடாபெஸ்டில் ஃபெரென்சியிடமும் பெர்லினில் ஆபிரகாமிடமும் இத்துறையில் தேர்ந்து, 1926இல் லண்டனில் குடியேறினார். தொடக்கத்தில் தம் மகனையே ஆராய்ந்து, 'ஃபிரிட்ஸ்' என்ற மாற்றுப் பெயரில் எழுதினார். இன்று அதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

குழந்தையின் விளையாட்டைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டதுதான் அவரது புதுமை. ஃபிராய்டு 1909இல் வெளியிட்ட சிறுவன் ஹான்ஸின் வரலாற்றில், பையனோடு பேசியவர் பெரும்பாலும் அவன் தந்தையே. கிளைன் குழந்தையுடன் தாமே அமர்ந்தார். சிறிய மர மனிதர்கள், வண்டிகள், விலங்குகள், காகிதம், கத்தரிக்கோல் இவையே கருவிகள். ஒவ்வொரு குழந்தைக்கும் பூட்டு உள்ள தனி இழுப்பறை உண்டு. 'ஏன் அழுகிறாய்?' என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, இரண்டு பொம்மை வண்டிகளை மோதவிட்டுப் பதில் சொல்லிவிடும். வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இம்முறையை எடைபோட ஏற்றது, அவர் மறைவுக்குப் பின் 1961இல் வெளிவந்த 'ஒரு குழந்தைப் பகுப்பாய்வின் விவரணை' என்ற நூல். 1941இல் ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரி ஊரில், ரிச்சர்டு என்று அவர் பெயரிட்டழைக்கும் 10 வயதுச் சிறுவனோடு நடந்த 93 அமர்வுகள் அதில் வரிசையாக உள்ளன. பையன் போர்ச் செய்திகளை விடாமல் கவனிக்கிறான், போர்க்கப்பல்களை வரைகிறான். கிளைன் ஹிட்லரில் கெட்ட தந்தையையும் கப்பல்களில் குடும்பத்தாரையும் காண்கிறார். போரை அவர் மறந்துவிடவில்லைதான். ஆனால் உண்மையாகவே குண்டு விழுந்த காலம் அது. அந்த அச்சத்தைச் சற்று நேரம் அச்சமாகவே விட்டுவைத்திருக்கலாம் என்று பல பக்கங்களில் தோன்றுகிறது. விளையாட்டைப் பெரியவர்களின் கட்டற்ற பேச்சுக்கு நிகராகக் கொள்ளலாகாது என்று ஆனா ஃபிராய்டு எழுப்பிய ஆட்சேபம் இங்கே வலுப்பெறுகிறது.

இக்குறையை நமக்குக் காட்டித்தருபவரும் கிளைனே. அமர்வு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதியவை என்பதால் இவற்றைச் சொல்லுக்குச் சொல் நம்ப முடியாது. எனினும் பையன் தம் விளக்கத்தைக் கேட்கப் பிடிக்காமல் இருந்ததை அவர் மறைக்கவில்லை. பிற்காலக் குறிப்புகளில் தம் அன்றைய கருத்துகளைத் தாமே மறுபடி ஆராய்கிறார்.

நான்கு மாதங்களில் கிளைன் லண்டன் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே குண்டுவீச்சில் அவர் இறந்துவிடுவாரோ என்று ரிச்சர்டு அஞ்சுகிறான். நூல் முழுவதையும் படிக்க இயலாத மாணவர்கள், இந்தக் கடைசி அமர்வுகளில் கிளைனின் விளக்கங்களைத் தள்ளிவைத்து, பையன் பேசுவதை மட்டும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.