வரலாற்று நாவலும் காலத் தெரிவும்: வன்னியை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழில் வரலாற்று நாவல்களை விரும்பிப் படிப்போரிடம் எக்காலத்துக் கதை உவப்பானது என வினவினால், சோழர் காலம் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். பல்லவர் காலம் அதற்கு அடுத்து நிற்கும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வாழும் வாசகர் இதற்கு விலக்கானவர் அல்லர். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்', 2022இலும் 2023இலும் திரைப்படமாகி மற்றொரு தலைமுறையையும் தன்பால் ஈர்த்தது. இவ்விருப்பத்தின் அடிப்படை யாது என்பதும், வன்னியின் சொந்தக் கடந்த காலம் புனைகதையில் எவ்வாறு கையாளப்பட்டுள்ளது என்பதும் ஒருங்கே நோக்கற்பாலன.

ஓர் எழுத்தாளன் தெரிந்துகொள்ளும் காலம் அவன் வாழும் காலத்தின் தேவையைப் பெரிதும் சார்ந்தது. பிறருக்கு அடங்கிக் கிடந்த சோழ நாட்டின் விடுதலைக் கனவைக் கூறும் 'பார்த்திபன் கனவு', இந்தியா அந்நியர் ஆட்சியில் இருந்த நாற்பதுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்டமை தற்செயலானதன்று. அத்துடன் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சோழர் வரலாற்றுக்கு உறுதியான சட்டகமொன்றை அளித்தன. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு முப்பதுகளில் வெளிவந்திருந்தது. பெருமித உணர்வும் ஆதாரச் செழுமையும் ஒருங்கே வாய்த்தமையே இக்காலத்தின் கவர்ச்சிக்குக் காரணம் எனலாம்.

ஈழத்தவரின் தெரிவும் தொடக்கத்தில் கடலுக்கு அப்பாலே சென்றது. தமிழின் முதல் வரலாற்று நாவலெனக் கருதப்படும் 'மோகனாங்கி'யை எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. 1895இல் வெளிவந்த அந்நூல், தமிழகத்து நாயக்கர் காலத்தையே களமாகக் கொண்டது. அதே 1895ஆம் ஆண்டில் பிரித்தானிய அதிகாரியான ஜே. பி. லூயிஸ், வன்னி மாவட்டங்கள் பற்றிய தமது கைந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஈழத்தவர் நாயக்கரை எழுத, வன்னியின் வரலாற்றையும் வாழ்வையும் ஆட்சியாளரின் ஏடு பதிவு செய்தது. இம்முரண் இன்றுவரை முற்றாகத் தீர்ந்ததெனக் கூறவியலாது.

வன்னியர் காலத்தில் நாவலுக்குரிய பொருள் இல்லாமலில்லை. யாழ்ப்பாண அரசுக்கும் தென்னிலங்கை அரசுகளுக்கும் இடையே, பனங்காமம் முதலான பற்றுகளைச் சிற்றரசர் ஆண்டனர். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் இவர்களிடம் யானைகளைத் திறையாகக் கோரினர். காட்டிற் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வணிகர் வாயிலாகக் கடல்கடந்து இந்தியாவுக்குச் சென்றன. திறை நிலுவையாக நிற்பதும், அதன் பொருட்டு ஒல்லாந்தர் நெருக்குவதும் வழமையாயிருந்தன. யானை பிடிப்போன், குளக்கட்டைக் காக்கும் கமக்காரன், திறைக்குப் பொறுப்பான வன்னிபம் ஆகிய மூவரின் உறவிலேயே ஒரு நாவல் உருவாகலாம்.

ஆயினும் வன்னி பற்றிய புனைவுகள் பெரும்பாலும் பண்டாரவன்னியன் ஒருவனையே சுற்றி வருகின்றன. 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி, ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்றவன் அவன். முல்லைமணியின் நாடகமும் கலைஞர் மு. கருணாநிதியின் நாவலும் அவனை நாடறியச் செய்தன. வவுனியா நகரில் அவனுக்குச் சிலையும் உண்டு. அவனை எழுதியமை குறையன்று. சோழர் காலக் கதைகள் வார்த்துத் தந்த அச்சிலேயே அவன் கதையும் பெரிதும் வார்க்கப்பட்டமையே விவாதத்துக்குரியது. மாவீரன், அவன் காதலி, காட்டிக்கொடுப்போன் என்ற வாய்பாடு இங்கும் தொடர்கிறது.

காட்டிக்கொடுப்போனின் பெயரே இதற்குச் சான்று. பண்டாரவன்னியன் கதையில் அவன் காக்கைவன்னியன். யாழ்ப்பாண வைபவமாலையிலோ, சங்கிலியைப் போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுத்தவன் பெயரும் அதுவே. இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள். தோல்விக்கு ஒரு துரோகி வேண்டும் என்ற கதைத் தேவை, பழைய பெயரைப் புதிய களத்துக்கு அழைத்து வந்திருக்கலாம். துரோகி ஒருவன் கிடைத்தவுடன், பீரங்கியும் ஆள்பலமும் கொண்ட பேரரசொன்றைச் சிதறிய பற்றுகள் எதிர்கொண்ட நிலையை ஆராயும் பொறுப்பிலிருந்து ஆசிரியனும் வாசகனும் விடுபட்டு விடுகின்றனர்.

குளத்தை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 'பொன்னியின் செல்வன்' வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. குதிரையில் வரும் வந்தியத்தேவனுக்கு அவ்வேரி கண்கொள்ளாக் காட்சி. வன்னியிலோ குளம் காட்சிப் பொருளன்று. கட்டு உடைந்தால் ஊர் பெயரும். அரண்மனைச் சூழ்ச்சி அங்கு கதையை நகர்த்துவது போல, இங்கு நீரும் காடும் காய்ச்சலுமே கதையை நகர்த்த வல்லன.

மேனாட்டில் இத்தகைய களத்தைக் கையாண்டவர் வோல்ட்டர் ஸ்கொட். 1814இல் வெளிவந்த 'வேவர்லி'யில், 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஈடுபட்ட ஸ்கொத்லாந்து மலைநாட்டுக் குலத்தலைவர்களை அவர் சித்திரித்தார். அரசரையும் பெருவீரரையும் விடுத்து, இரு தரப்புக்கும் இடையே அலையும் சாதாரண மனிதனைக் கதையின் நடுவே அவர் நிறுத்தியதை ஜோர்ஜ் லூக்காச் சிறப்பாக எடுத்துக்காட்டினார். குலத்தலைமைச் சமூகமொன்று நவீன அரசின் முன் சிதைவதைக் காட்ட அம்முறை துணைபுரிந்தது. வன்னியின் வரலாறும் அத்தகைய சிதைவின் வரலாறே.

உரிமை இழந்தோர் வீரனொருவனை நாடுவது இயல்பு என வாதிடலாம். அது மறுக்கத்தக்கதன்று. ஆனால் வீரன் வீழ்ந்ததும் கதை முடிந்துவிடுமாயின், எஞ்சிய மக்கள் எங்கே போயினர் என்ற வினா எழுகிறது. அ. பாலமனோகரன் 'நிலக்கிளி'யில் (1973) தண்ணிமுறிப்பின் காட்டையும் மனிதரையும் உயிர்ப்புடன் படைத்தார். சமூக நாவலில் கைகூடிய அந்நெருக்கம் வரலாற்று நாவலுக்கும் இயலாததன்று. 2009இல் முடிவுற்ற போரில் குளத்தையும் வயலையும் விட்டுப் பெயர்ந்து, மீண்டு வந்து காடு மண்டிய நிலத்தைத் திருத்தியோர் இன்று வன்னியின் வாசகராயுள்ளனர். கற்சிலைமடுத் தோல்விக்கு மறுநாள் ஊர் எவ்வாறு விடிந்தது, அடுத்த மழைக்கு முன் குளக்கட்டை யார் அடைத்தனர் என்று கூறும் நாவலே அவர்களுக்குத் தம் முன்னோரை அறிமுகப்படுத்தும். வன்னியர் காலம் வாசகர் விரும்பும் காலமாக மாறுவதும் அத்தகைய படைப்பொன்றின் வரவிலேயே தங்கியுள்ளது.