ஒரே கோட்டில் இராமனும் சேதுபதியும்

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குள் நுழைந்தால் கண் தானாக மேலே போகும். சுவர், தூண், வளைவு, விதானம் எங்கும் ஓவியம். கட்டடம் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தது. ஓவியங்கள் 1725 வரை ஆண்ட முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தவை.

பட்டை பட்டையாகக் கதை ஓடுகிறது. தசரதனின் வேள்வி, தாடகை வதம், வில் முறித்தல், திருமணம் என்று பாலகாண்டம், கூடவே பாகவதம். காட்சிகளுக்குத் தமிழில் குறிப்பும் உண்டு. நிழலிட்டு உடலைத் திரட்டிக் காட்டும் வேலை இங்கே இல்லை. தட்டையான வண்ணத்தின் விளிம்பில் ஒரு கோடு. கூர்மூக்கும் நீள்விழியும் அதில்தான் உயிர்பெறுகின்றன.

கோடுகளையே நம்பிய இன்னொரு கலை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால மரச்செதுக்கு அச்சு. 1510களில் ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் புர்க்மயர், ஹெக்டர், அலெக்சாந்தர், ஜூலியஸ் சீசர் மூவரையும் ஒரே அச்சில் நிறுத்தினார். பழங்காலத்து வீரர்கள்தான், ஆனால் கையில் பிற்கால ஐரோப்பியப் பிரபுக்களைப் போலக் குலச்சின்னம் பொறித்த கேடயம்! அன்றைய புனித ரோமானியப் பேரரசர் மாக்சிமிலியன், ஹெக்டரே தம் குலமுதல்வன் என்று உரிமை கொண்டாடியவர். அந்த வம்சாவளியையும் மரச்செதுக்கு அச்சுகளுக்காக வரைந்தவர் புர்க்மயரே.

இராமநாதபுரத்து ஓவியரும் தம் மன்னரைப் புராண நாயகர்களோடு சேர்த்தார். ஆனால் வேறு வழியில். இலங்கை செல்லக் கட்டிய சேது அணையைக் காக்க இராமன் நியமித்த காவலரின் வழிவந்தோர் என்பது சேதுபதிகளின் மரபு. எனவே இங்கே பெருமை, இராமனின் குருதியால் வந்ததன்று, அவன் தந்த பொறுப்பால் வந்தது. இராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து சேதுபதி செங்கோல் பெறும் காட்சி அதைச் சொல்லாமல் சொல்கிறது. அதே தூரிகை, தஞ்சை மராத்தியரோடு நடந்த போரையும், தொப்பி அணிந்த ஐரோப்பியர் அவையில் நிற்பதையும் வரைந்திருக்கிறது. புராணத்துக்கு ஒரு நடை, நடப்புக்கு ஒரு நடை என்ற பேதமே இல்லை. இந்த ஓவியங்களின் துணிச்சல் அதுதான். நாயக்கர் காலச் சுவரோவியங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு; ஓர் அரசரின் வாழ்வை இத்தனை விரிவாகச் சொல்பவை மிகக் குறைவு.

இராமேஸ்வரம் செல்வோர் இராமநாதபுரத்தைக் கடந்துதான் போகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுவரைத் தொடாதீர்கள், குறிப்புகளைப் படிக்காமல் வராதீர்கள்.