உழுபவன் இல்லாத கிராமம்

1897ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி லண்டனில் ‘கண்ட்றி லைஃப்’ என்னும் வாரச் சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. நாட்டுப்புற வாழ்வைப் போற்றவெழுந்த இவ்வேட்டைத் தோற்றுவித்த எட்வேர்ட் ஹட்சன் நிலப்பிரபு அல்லர். லண்டன் அச்சக உரிமையாளர். இதனை நாம் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

1870களிலிருந்து அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிந்தமையால் இங்கிலாந்தில் கோதுமை விலை சரிந்தது. குத்தகை வருமானமும் வீழ்ந்தது. 1894இல் மரண வரி வேறு சேர்ந்துகொண்டது. பழைய பிரபுக்கள் பலர் நிலத்தை விற்க நேர்ந்தது. வணிகத்திற் பணம் சேர்த்த புதியோர் வாங்க விரும்பினர். இவ்விரு சாராரும் சந்தித்த இடம் இச்சஞ்சிகையின் முன்பக்கங்களே. நிலமும் மாளிகையும் விற்கும் விளம்பரங்களைத் தாண்டிய பின்னரே வாசகன் கட்டுரைகளை அடைந்தான்.

சார்ள்ஸ் லேதம் முதலியோர் கண்ணாடித் தகடுகளிற் பிடித்த மாளிகைப் படங்கள் கலைத்திறன் மிக்கவை. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆயின் அவ்வறைகளிலே பெரும்பாலும் மனிதரைக் காணோம். தளபாடங்களைத் துடைத்த பணிப்பெண் எங்கே? புல்வெளியைச் சீர்செய்தவன் எங்கே?

ஹட்சனுக்கு வீடமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். பின்னர் புதுடில்லியில் ராஜப்பிரதிநிதிக்கு மாளிகை அமைத்தவரும் இவரே. எம்மவர்க்கு அவர் பெயர் அவ்வழியே பரிச்சயம். சஞ்சிகையின் லண்டன் காரியாலயமும் அவர் கைவண்ணமே. அதனையும் நாட்டுப்புற மாளிகை போலவே சமைத்தார்!

எம்மை அதிகம் சிந்திக்க வைப்பவர் 1900 முதல் 1925 வரை ஆசிரியராயிருந்த அன்டர்சன் கிரஹாம். கிராமத்தை விட்டு மக்கள் வெளியேறுவது பற்றி 1892இலேயே தனி நூல் எழுதியவர் அவர். ஆகவே, உழைப்பவன் நிலையை ஆசிரியர் அறியவில்லை என்று நாம் சமாதானம் கூற முடியாது. சஞ்சிகை நிலையம் குடிசைகளை முற்றாக மறந்ததுமில்லை. 1913இல் லோரன்ஸ் வீவர் எழுதிய சிறு வீடுகள் பற்றிய நூலை அது வெளியிட்டது. அவ்வீடுகளின் செலவு 150 முதல் 600 பவுண் வரை. அந்நாளில் விவசாயக் கூலியாளின் சராசரி வாரக்கூலி ஒரு பவுணையும் எட்டவில்லை. சொந்த வீடாக அது எவருக்கு எட்டியிருக்கும் என்பதை எமது மாணவரே கணக்கிடலாம்.

1945இன் பின்னர் அம்மாளிகைகள் பல இடிக்கப்பட்டன. சிலவற்றின் உருவத்தை இன்று இச்சஞ்சிகையின் படங்களிலேயே காண்கிறோம். அவ்வகையில் வரலாற்று மாணவன் அதற்குக் கடன்பட்டவனே. ஆனால் அப்படங்களைப் புரட்டுபவர் கிரஹாமின் 1892ஆம் ஆண்டு நூலையும் அருகில் வைத்துக்கொள்வாராக.